தாய்மாமன் பிளக்ஸ்

"கழுத்தக் கொஞ்சம் நிமித்துங்கண்ணே" என்றான் நாகராசு. தவசிலிங்கம் நிமிர்த்தினார். நிமிர்த்தியதும் கண்ணாடியில் அது வந்து நின்றது. அது கண்ணில் படக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம், முகத்தில் சோப்பு நுரை ஏறும்போதுகூட, தாடையை நெஞ்சோடு ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சலூனுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் திரும்புகிற முக்கில், இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே, பேத்தி மகிழினியின் காதணி விழா பிளக்ஸ். அதற்கென்று தனியாக ஃபோகஸ் லைட் வேறு. பொழுது சாயச் சாயத் திருமங்கலத்தில் மற்றதெல்லாம் மங்கிக்கொண்டு வர, அது ஒன்று மட்டும் பளிச்சென்று ஆகிக்கொண்டே வந்தது. நடுவில் தலையில் கிரீடம் வைத்த பிள்ளை. மேலே வட்டத்துக்குள், பக்கத்தில் தீபச் சுடரோடு, செத்துப்போன சம்சாரம் பேச்சியம்மாள். கீழே மீசையை முறுக்கியபடி சம்பந்தி வீட்டு ஆட்கள் வரிசையாக. எல்லாரையும் விடப் பெரிசாக, ஆள் உயரத்துக்கு, தாய்மாமன். தவசிலிங்கத்தின் ஒரே மகன் செழியன். கோட்டு போட்டுக்கொண்டு அமெரிக்க ஜனாதிபதியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு நிற்கிறான். இது நேற்று சாயங்காலமே இறங்கியிருக்க வேண்டியது. இறங்கிவிட்டது என்றுதான் செழியன் நினைத்துக்கொண்டிருக்கிறான். மத்தியானம் அவன் போனில் கேட்டபோது, கழட்டியாச்சுய்யா என்று அவர் வாயால் சொன்னார். கழட்டியாச்சு. வாயில் சோறு இருந்தது, அதை விழுங்கிவிட்டுச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த ஒரு சொல்லை நம்பிக்கொண்டு அவன் வாஷிங்டனில் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணப் போகிறான். சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்லப் போகிறான். இவர் இங்கே விடிந்தால் பேத்திக்குக் காது குத்து என்று சேவிங் பண்ண உட்கார்ந்திருக்கிறார். கத்தி தொண்டைக்குழிக்குக் கீழே ஜில்லென்று வந்து நின்றது. எச்சில் முழுங்க வேண்டும் போல இருந்தது. முழுங்கவில்லை.

அந்தப் போட்டோ. எல்லாம் அந்தப் போட்டோவால் வந்தது. இல்லை, போட்டோ என்ன பண்ணும், அது பாட்டுக்குப் போனுக்குள் கிடந்தது. போன ஆவணி மாசம் ஒரு திங்கட்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் செழியன் அனுப்பியிருந்தான். ஒரு வெள்ளை மர வீடு, நீலக் கேட்டு, பின்னால் கடல் ஒரு கோடு மாதிரி. பச்சைப் புல்லில் ஜனாதிபதியும் இவனும். அப்பா, பெரியவரோட கடற்கரை வீடு, யாருக்கும் காட்டிராதீங்க என்று கீழே எழுதியிருந்தான். யாருக்கும் காட்டக் கூடாதென்றால் ஏன்ய்யா அனுப்புகிறாய். மூன்று நாள் யாருக்கும் காட்டவில்லை. நாலாம் நாள் நாகராசுவுக்குக் காட்டினார், இதே நாற்காலியில் உட்கார்ந்துதான். அப்புறம் டீக்கடை, ஓய்வூதியர் சங்கம், பத்திரம் எழுதுகிற இடம் என்று அவரே தேடிப்போய்க் காட்டினார். பார்த்தவனெல்லாம் உதட்டுக்குள் சிரித்தான். என்ன சார் கிராபிக்ஸா என்று கேட்டான் ஒருத்தன். கேட்டால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. இந்த ஊரில் முனியாண்டி கோயில் கெடா வெட்டு பிளக்ஸில்கூட ஆளாளுக்கு நடிகரோடும் முதலமைச்சரோடும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாம் வெட்டி ஒட்டினது. அதனால்தான் காது குத்துக்குத் தாய்மாமன் படத்தைப் பெரிசாகப் போடுவது என்று ஆனதும் அவர் பிளக்ஸ் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். டிசைன் பண்ணுகிறவன் வழக்கம் போல ஆள்களை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் தாமரையும் வானவில்லும் வைக்கப் போனான். இவர் விடவில்லை. வீடு தெரியணும், கேட்டு தெரியணும், புல்லு தெரியணும், எதையும் வெட்டாதே, வெட்டினால் ஒட்டினது என்பார்கள் என்று அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். பின்னால யாரோ ஒரு வழுக்கத்தலை நிக்கிறாப்ல, அவரயாச்சும் எடுத்துரவா சார் என்று அவன் கேட்டான். கேட்டானே. அந்தப் புண்ணியவான் கேட்கத்தான் செய்தான். இருக்கட்டும், அதுவும் இருந்தால்தான் நம்புவார்கள் என்று சொன்னது யார். வீட்டுப் படிக்கட்டில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிற அந்த வழுக்கைத் தலை இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஃபோகஸ் லைட்டில் மின்னுகிறது. உலகத்தில் பாதிப் பேர் தேடுகிற மண்டை. திருமங்கலம் முக்கில் காதணி விழாவுக்கு வருக வருக என்று அழைத்துக்கொண்டிருக்கிறது.

"அண்ணே, வாய அசைக்காதீங்க" என்றான் நாகராசு. அசைத்தோமா. ஏதாவது சத்தமாகச் சொல்லிவிட்டோமா. மூலையில் ஸ்டாண்டில் இருந்த டிவியில் எண்ணெய் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் எழுத்து ஊர்ந்தது, கடற்கரை வீட்டு விவகாரம், ஜனாதிபதி பதவி தப்புமா, இன்று சாட்சி சொல்கிறார் தமிழர். தமிழர் என்று போட்டால் போதும் இவர்களுக்கு. பெஞ்சில் அடுத்த முடிவெட்டுக்குக் காத்திருந்த டீக்கடை ராசாமணி, அந்தாள அசைக்க முடியாதுண்ணே, பெரிய கில்லாடில்ல என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தாள் என்றால் ஜனாதிபதி. அவனுக்கு அவரைப் பிடிக்கும். மந்திரிகளைப் போனிலேயே வேலையை விட்டு அனுப்புகிறாராம், பேப்பர்காரன் மேலெல்லாம் கேசு போடுகிறாராம், அவர் நாட்டில் பாதிப் பேர் கும்பிடுகிறான், பாதிப் பேர் காறித் துப்புகிறான். தவசிலிங்கமும் இரண்டு வருஷமாக டீக்கடையில் அவருக்காக வாதாடிக்கொண்டுதான் இருந்தார். மகன் அவர் ஆபீசில் வக்கீல், சோறு தின்கிற இடம், விட்டுக்கொடுக்க முடியுமா. கடற்கரை வீட்டு விவகாரத்துக்குக் காரணம் ஒரு எண்ணெய்க் கம்பெனிக்காரன். அயல்நாட்டான், அவன் கம்பெனி மேல் அமெரிக்காவில் தடை இருந்தது, தடை திடீரென்று நீங்கியது. அதற்கு முன்னால் அவன் கடற்கரை வீட்டுக்கு வந்து ரகசியமாகப் பேசிவிட்டுப் போனான் என்று ஒரு பேப்பர் எழுதியது. ஜனாதிபதி அந்த ஆளை என் ஜென்மத்தில் பார்த்ததே இல்லை என்றார். பார்த்ததே இல்லை என்று அவர் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் டிவியில் அந்த ஆளின் படத்தைக் காட்டினார்கள். வழுக்கைத் தலை, கைத்தடி. தவசிலிங்கம் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து அந்தப் போட்டோவை விரலால் பெரிசு பண்ணிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அப்போதே பிளக்ஸ் அடித்தாகிவிட்டது, கட்டியாகிவிட்டது, முக்கில் நின்று நாலு பேர் செல்ஃபி எடுத்தாகிவிட்டது.

பொய்ச்சாட்சி அவருக்குப் புதுசா. முப்பது வருஷத்துக்கும் மேலே முன்சீப் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க். கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்று அவர் சொல்லச் சொல்ல எத்தனை வாய் திருப்பிச் சொல்லியிருக்கும். சொல்லி முடித்த கையோடு பொய்யை ஆரம்பிப்பார்கள். மத்தியானம் கோர்ட்டு வாசல் கடையில் அவருக்குப் பக்கத்திலேயே நின்று வடை தின்பார்கள், சார் நல்லா சொன்னேனா என்று வேறு கேட்பார்கள். ஒருத்தனும் உள்ளே போனதில்லை. பார்த்துப் பார்த்து அவருக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. பொய் சொல்ல வந்தவன் கேள்வி முடிகிற வரைக்கும் காத்திருக்க மாட்டான். வக்கீல் வாயைத் திறக்கும்போதே இல்லை என்று சொல்லிவிடுவான். இல்லை என்பதை உள்ளங்கையில் சூடாக வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு அதை எப்போது கீழே போடலாம் என்றுதான் இருக்கும். கோடை லீவில் செழியனைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். நீதிபதி ஐயா சேம்பருக்குள் போனதும் பையன் சாட்சிக்கூண்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடவுளறிய நான் சொல்வதெல்லாம் என்று கீச்சுக் குரலில் ஆரம்பிப்பான். ஐயாவுக்கு முன்னால் நடக்கிற டபேதார் சிரிப்பார், இவருக்கும் சிரிப்பு வரும். எறங்குய்யா, ஐயா வந்துருவாரு என்பார். சரிப்பா என்பான். இறங்க மாட்டான். எதற்கும் சரிப்பா என்றுதான் சொல்வான், அப்புறம் அவன் இஷ்டம்தான் நடக்கும். அமெரிக்காவெல்லாம் வேண்டாம்ய்யா, மதுரையிலேயே பிராக்டீஸ் பண்ணு என்றதற்கும் சரிப்பா. அந்தப் பெரியவர் ஆபீசில் சேராதே, அங்கே நித்தம் ஒரு வம்பு என்றதற்கும் சரிப்பா. ஆனால் அவன்தான் ஒருநாள் போனில் ரொம்பப் பெருமையாகச் சொன்னான், நம்ம ஊரு மாதிரி இல்லப்பா, இங்க பொய்ச்சாட்சி சொன்னா உள்ளதான். உள்ளதான். அந்தச் சொல்லை அவன் எவ்வளவு லேசாகச் சொன்னான்.

முந்தாநாள் சொன்னது வேறு குரல். கூப்பிட்டதும் சாப்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா ஒரு பிளக்ஸ் படம் அனுப்பியிருக்கா, அது எங்கப்பா கட்டியிருக்கு என்றான். முக்குலதான்ய்யா, ரொம்ப நல்லா இருக்கு என்று ஒன்றும் தெரியாதவர் போல இவர் சொல்லிக்கொண்டே போனார். அவன் மெதுவாக இடைமறித்து, அப்பா, அந்த வீட்டுக்கு நான் போனதே இல்லைன்னுதான் சொல்லப்போறேன், நாங்க எல்லாருமே அப்பிடித்தான் சொல்றோம், அதக் கழட்டிருங்கப்பா என்றான். நாங்க எல்லாருமே. கோர்ட்டில் ஆறு சாட்சி ஒரே மாதிரி சொன்னால் ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அது இவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு தகப்பன் அப்போது சொல்ல வேண்டியதை எதுவுமே சொல்லவில்லை. நாளைக்கே கழட்டிருறேன்ய்யா என்றார். நேற்று பூராவும் போனார், முக்கு வரைக்கும் போனார், கம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். சம்பந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி இறக்குவது. இன்று காலையில் வேட்டியை மாற்றிக்கொண்டு சம்பந்தி காசிமாயன் வீட்டுக்கு நடந்தார். காசிமாயன் மோர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும், அவரோ வர முடியலன்னுட்டாரு, சரி படமாச்சும் இருக்கேன்னு மனசத் தேத்திக்கிட்டோம், இப்ப அதயும் எறக்குவேன்னா என்ன சம்பந்தி அர்த்தம் என்றார். அர்த்தம் என்னவென்று சொல்ல முடியாதே. "தாய்மாமன் இல்லாம எப்பிடிக் காது குத்துறது, சொல்லுங்க" என்றார் காசிமாயன். நியாயம்தான். உள்ளே அடுப்படியில் மகள் பூங்கோதை பாத்திரத்தைத் தேய்க்கிற சத்தம் நின்றது. அவள் அங்கே வாழ வேண்டும். இவர் மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். மத்தியானம் போன் வந்தது. அங்கே நடுராத்திரி, பிள்ளை தூங்கவில்லை. கழட்டியாச்சாப்பா. ராத்திரியில் காய்ச்சல் கண்டு தண்ணீர் கேட்கிற குரல். அந்தக் குரலுக்கு வேறு எதைக் கொடுப்பது. கழட்டியாச்சுய்யா. அப்பாடா என்று அவன் மூச்சு விட்டது இவர் காதில் இன்னும் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் எப்படியாவது இறக்கிவிட்டால் சொன்னது பொய் ஆகாது என்று கணக்குப் போட்டார். சாயங்காலம் வந்தது, முக்குக்கு வந்தார், ஏணி வேண்டும், ஆள் வேண்டும், நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். சலூன் காலியாக இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். மனுசன் இப்படியும் இருப்பானா. இருக்கிறாரே.

நாகராசு வலது கன்னத்தை முடித்துவிட்டுக் கத்தியைப் புறங்கையில் துடைத்தான். இடது கன்னம் நுரையோடு இருந்தது. டிவியில் விளம்பரம் போய் அமெரிக்கப் பாராளுமன்ற விசாரணைக் கமிட்டியின் பெரிய மண்டபம் வந்தது, மரப் பலகை, கொடி, ஏகப்பட்ட கேமரா. ராசாமணி சத்தத்தைக் கூட்டச் சொன்னான். ஒரு நீள மேசைக்கு முன்னால் செழியன் உட்கார்ந்திருந்தான். மெலிந்துவிட்டான். கழுத்துப் பட்டை தொளதொளவென்று இருந்தது, பேச்சியம்மாள் இருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பாள். பக்கத்தில் வெள்ளைக்கார வக்கீல் அவன் காதில் என்னவோ சொன்னார், தலையாட்டினான். தலையாட்டுவது அப்படியே கூண்டில் நின்ற பையன்தான். இப்போது கூப்பிட்டால் எடுப்பானா. கூப்பிட்டு என்ன சொல்வது, இறக்கவில்லைய்யா என்றா. சொன்னால் என்ன செய்வான், உண்மையைச் சொல்வான், சொன்னால் அந்தப் பெரியவரும் அவர் ஆட்களும் இவனைச் சும்மா விடுவார்களா. எத்தனை பேரைக் கிழித்துத் தொங்கவிட்ட மனுசன். சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பிவிடலாம். திருமங்கலம் பிளக்ஸை எந்த அமெரிக்காக்காரன் வந்து பார்க்கப் போகிறான். நாளை மறுநாள் இறக்கிக் கிழித்து மாட்டுத் தொழுவத்துக்கு மேலே போட்டுவிட்டால் ஆச்சு. ஆச்சு. யாரும் பார்க்க மாட்டான். அப்படித்தான் ஒவ்வொரு பொய்ச்சாட்சியும் நினைத்துக்கொண்டு கூண்டேறினான். அவர்களுக்குச் சரிதான், அவர்கள் வடை தின்றார்கள். இவனுக்கு வடை கிடையாது. டிவியில் சாட்சியை விட்டுவிட்டு ஒரு வீட்டைக் காட்டினார்கள். வானத்திலிருந்து எடுத்தது, அப்புறம் தரையிலிருந்து. வெள்ளை மர வீடு. நீலக் கேட்டு. நாகராசுவின் கை அப்படியே நின்றது. கத்தி இவர் காதுக்குக் கீழே நின்றது. அவன் டிவியைப் பார்த்தான், கண்ணாடிக்குள் பிளக்ஸைப் பார்த்தான், மறுபடி டிவியைப் பார்த்தான். "அண்ணே, இது நம்ம போர்டுல இருக்க வீடுல்ல?" என்றான். அவன் குரலில் சூது ஒன்றும் இல்லை, பெருமைதான். ராசாமணி எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஆமாண்ணே அதே கேட்டு, அட்சரம் பிசகல, அப்ப கிராபிக்ஸ் இல்ல, நெசமாத்தான் போயிருக்காப்ல என்று சொன்னான். சொல்லிக்கொண்டே படம் பிடிக்கப் பையிலிருந்து போனை எடுத்தான்.

ரெண்டு பேர். ஒருத்தன் முடி வெட்டுகிறவன், ஒருத்தன் டீ ஆற்றுகிறவன், இவர்களுக்கே ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. யாரும் பார்க்க மாட்டானா. தவசிலிங்கம் நாகராசுவின் கையை விலக்கிவிட்டு எழுந்தார். கழுத்தில் கட்டிய துணியோடு, பாதி முகம் நுரையோடு வெளியே வந்து ரோட்டைத் தாண்டினார். பஸ்காரன் ஹாரனை அமுக்கினான், என்னவோ திட்டினான். பிளக்ஸுக்கு முன்னால் நின்றார். கிட்டத்தில் பார்க்கும்போது செழியன் வெறும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தான், இரண்டடி பின்னால் வந்ததும் மகன் ஆனான். பேச்சியம்மாள் வட்டத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னத்தப் பார்க்கிற, எனக்கு மட்டும் தெரியுமா எது சரியென்று. போனை எடுத்தார், முதல் படத்தில் கம்புதான் வந்தது. இரண்டாவதில் எல்லாம் விழுந்தது, கடல், கேட்டு, வழுக்கைத் தலை, பக்கத்தில் இன்றைக்குத்தான் போட்ட ஃபோகஸ் லைட். செழியன் பெயரைத் தொட்டு அனுப்பினார். கீழே எழுத வேண்டும். அப்பா பொய் சொல்லிட்டேன்ய்யா என்று எழுத வேண்டும். விரலில் நுரை, எழுத்து வழுக்கியது, அழித்து அழித்து ஒரே ஒரு சொல்தான் எழுத முடிந்தது. கழட்டல. அதையும் அனுப்பினார். இரண்டு டிக்கும் சாம்பல் நிறத்தில் நின்றன. தான் உண்மைக்காக இதைச் செய்யவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தன் பொய்யின் மேல் பிள்ளை ஏறி நிற்கிறானே, அது உடைந்தால் அவன் விழுவானே என்ற பயம்தான். வேறொன்றும் இல்லை. பயந்து ஓடுகிறவன் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்றா பார்ப்பான். பிள்ளையைக் காப்பாற்றினாரா, பிடரியில் கைவைத்துத் தள்ளினாரா, அதுவும் தெரியவில்லை. டிக் நீலமானது.

உள்ளே வந்தபோது டிவியில் செழியன் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்திரிகைக்காரர்களின் கேமரா எல்லாம் அவன் உச்சந்தலையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தான். இவர் நாற்காலியில் உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். செழியன் எதையோ மேசை மேல் கவிழ்த்து வைத்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பழுத்த சாட்சியின் முகம் மாதிரிக் காலியாக இருந்தது. எழுந்து நிற்கச் சொன்னார்கள், எழுந்தான். வலது கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினான். அங்கே ஒரு கிழவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, தவசிலிங்கத்தின் உதடு தமிழில் அதைச் சொன்னது, கடவுள் அறிய, நான் சொல்வதெல்லாம். நுரை வாய்க்குள் கரித்தது. உட்காரச் சொன்னார்கள். உயரமான மேசையிலிருந்து ஒரு பெண்மணி கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள், இந்தப் பக்கம் தமிழ்ப் பெண் குரல் ஒன்று மூச்சிரைக்க அதன் பின்னாலேயே ஓடியது. போன வருஷம் ஆகஸ்ட் மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை, ஜனாதிபதியின் கடற்கரை வீட்டில், அல்லது அதன் தோட்டத்தில், அல்லது அதன் வளாகத்தில் எங்காவது. இப்போது சொல்லிவிடுவான். இதோ இந்த இடத்தில்தான் எல்லாரும் சொல்வார்கள், கேள்வி பாதியில் நிற்கும்போதே, இல்லை என்று. சொல்லவில்லை. அந்த அம்மாள் நீட்டிக்கொண்டே போனாள், அந்த எண்ணெய்க் கம்பெனி உரிமையாளர் அங்கே இருந்த சமயத்தில், நீங்கள் நேரில். செழியன் வாயைத் திறக்கவில்லை. இருந்தீர்களா. கேள்வி முடிந்தது. முடிந்த பிறகும் அவன் பேசவில்லை. தவசிலிங்கத்தின் பிடியில் நாற்காலி சுழன்று அவரையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனது. தெரிந்துவிட்டது. பதில் வரும் முன்னே தெரிந்துவிட்டது. பக்கத்து வக்கீல் சட்டென்று அவன் கையைப் பிடித்தார், செழியன் அந்தக் கையை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு மைக்கைக் கிட்டே இழுத்தான். அவன் என்ன சொன்னானோ, மண்டபம் முழுக்க ஒரு இரைச்சல் எழுந்தது. அதற்குள் தமிழ்ப் பெண் குரல் தடுமாறி, ஒருமுறை நிறுத்தி, சொன்னது. "ஆம். இருந்தேன். அவரும் இருந்தார்."

ராசாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்ப அந்தாளு மாட்டிக்கிட்டாரா, நம்ம தம்பி எதுக்குண்ணே இப்பிடிச் சொல்லுது என்று கேட்டுக்கொண்டிருந்தான். நாகராசுவுக்கு விளங்கியதோ என்னவோ, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, இவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தான். நுரை காய்ந்து இடது கன்னம் இழுத்துப் பிடித்தது. இனி அவன் வேலை போகும். வேலை என்ன வேலை, வீடு, பேர், அங்கே இருப்பதற்கான விசாக் காகிதம் எல்லாம் போகும். முந்தி மறைத்ததற்கு என்ன கேட்பார்களோ. அந்தப் பெரியவரைக் கும்பிடுகிறவன் ஒவ்வொருத்தனும் இவன் மேல் மண்ணை வாரி இறைப்பான். அவன் இனி இவரைக் கூப்பிடுவானா. போன் அதிர்ந்தது. செழியன் இல்லை, காசிமாயன். டிவி பார்த்தாராம். உங்க மகன் இப்படிப் பண்ணிவிட்டாரே, இத்தனை பேர் முன்னாடி முதலாளியையே காட்டிக்கொடுத்துட்டாரே என்று ஆரம்பித்தார், விடிஞ்சா சொந்தபந்தமெல்லாம் முக்கு வழியாத்தான் வரும், அந்தப் படத்தை முதல்ல எறக்குங்க, நானே ஆள் அனுப்புறேன் என்று முடித்தார். காலையில் இதே மனுசன் எழுந்து நின்ற வேகம். தவசிலிங்கம் கண்ணாடியைப் பார்த்தார். லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் பறந்தன. பிள்ளை அங்கே ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டுதான் இருந்தான்.

"இருக்கட்டும் சம்பந்தி" என்றார். "தாய்மாமன் இல்லாம எப்பிடிக் காது குத்துறது."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று அவர் கேட்கவில்லை. போனை மடிக்குக் கொண்டுவந்து அணைக்கப் போனார். நாகராசு தண்ணீரைத் தொட்டு இடது கன்னத்தை நனைத்தான், இந்தப் பக்கம் காஞ்சு போச்சுண்ணே என்றான். திரையில் செழியன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு செய்தி நின்றது. ரோட்டைத் தாண்டி உள்ளே வந்த அவசரத்தில் கவனிக்கவில்லை. தொட்டுத் திறந்தார். அவர் அனுப்பிய படத்துக்கும், கழட்டல என்ற சொல்லுக்கும் கீழே, போனைக் கவிழ்த்து வைப்பதற்கு முன்னாலேயே, கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே, அவன் எழுதியிருந்தான். சரிப்பா. கண் கலங்கி எழுத்து மங்கியது. நாகராசு கழுத்தை நிமிர்த்தச் சொன்னான். அவர் நிமிர்த்திக் கொடுத்தார்.